காலைல நொண்டும், மத்தியானம் ஓடும்

சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறவங்களுக்கு ஒரு வகை பக் நல்லாத் தெரியும். யூசர்கிட்ட வரும், நம்ம மெஷின்ல ஓட்டிப் பார்த்தா வராது. ‘ரீப்ரொட்யூஸ் ஆகல’ன்னு டிக்கெட்டை மூடிடுவோம். இன்னைக்குப் பேசப்போற நோய் டாக்டர்கிட்ட தப்பிக்கிறதும் கிட்டத்தட்ட அப்படித்தான். பேரு ஜேஐஏ. தமிழ்ல சிறார் மூட்டுவாதம்னு வெச்சுக்கலாம்.

மூட்டுவாதம் அப்பத்தாவுக்கு வர்றதுதானே, பிள்ளைக்கு எப்படின்னு தோணும். 16 வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சு, மூட்டுல அழற்சி 6 வாரத்துக்குக் குறையாம நீடிச்சு, வேற காரணம் எதுவும் கிடைக்கலைன்னா அதுக்கு இந்தப் பேர். நோய் புதுசும் இல்ல. லண்டன்ல ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில்ங்கிற டாக்டர் 22 குழந்தைகளைப் பார்த்து 1897-லயே எழுதிட்டார்.

இதோட முக்கியமான அடையாளம் வலி இல்ல, நேரம். ராத்திரி முழுக்க அசையாம கிடந்த மூட்டு காலைல இறுகிப்போயிருக்கும். பிள்ளை கட்டில்ல இருந்து இறங்கத் தயங்கும், நொண்டும், தூக்கச் சொல்லும். நடக்க நடக்க இறுக்கம் விட்டுடும். ரெண்டு, மூணு வயசுப் பிள்ளைக்கு வலிக்குதுன்னு சொல்லவே தெரியாது. ஒரு முழங்கால் மட்டும் உப்பியிருக்கும், அவ்வளவுதான்.

இப்ப எங்க ஊர்ப்பக்கம் வாங்க. கம்பம், கூடலூர், போடியில விடியறதுக்கு முன்னாடியே ஜீப் சத்தம் கேட்கும். ஏலக்காய் எஸ்டேட் வேலைக்கு இடுக்கி மலை ஏறுற பெண்கள் அதுல நெருக்கியடிச்சு உட்கார்ந்திருப்பாங்க. பிள்ளை கண்ணு முழிக்கும்போது அம்மா மலைமேல. அம்மா திரும்புறப்போ சாயங்காலம், பிள்ளை தெருவுல ஓடிக்கிட்டிருக்கும். காலைல நொண்டினதைப் பார்த்தது வீட்டுல இருந்த அம்மாச்சி. ஆனா ஒருநாள் கூலியை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது அம்மா. பஸ் பிடிச்சு, ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டர் முன்னாடி உட்காரும்போது மணி பதினொன்னு ஆகியிருக்கும். பிள்ளை அங்க நல்லாவே நடக்கும். ‘வளர்ற வயசு, கால் வலி சகஜம்’னு ஒரு சிரப்போட அனுப்பிடுவாங்க. டாக்டரைத் திட்டி என்ன பண்றது? பார்த்த சாட்சி வீட்டுல இருக்கே.

வளர்ச்சி வலிங்கிறது உண்மையிலேயே இருக்கு. ஆனா அது சாயங்காலமோ ராத்திரியோ, ரெண்டு கால்லயும் வரும். காலைல பிள்ளை சாதாரணமா எழுந்து ஓடும். காலைல நொண்டுற பிள்ளைக்கு அந்தப் பேரை வைக்கவே கூடாது.

அதனால செய்யவேண்டியது சின்னதுதான். காலைல எழுந்ததும் நடக்கிறதை போன்ல முப்பது செகண்ட் வீடியோ எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு முழங்காலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ. பக்குக்கு லாக் எடுக்கிற மாதிரிதான்.

டாக்டர்களுக்கும் ஒரு சுருக்கமான சோதனை இருக்கு, பீகால்ஸ்னு பேரு. பிரிட்டன்ல ஹெலன் ஃபாஸ்டர் குழு 2006-ல வெளியிட்டது. மூட்டுலயோ முதுகுலயோ வலி, இறுக்கம் இருக்கா? தானே டிரஸ் போட்டுக்க சிரமமா? படி ஏறி இறங்க சிரமமா? இதைக் கேட்டுட்டு நடை, கை, கால், முதுகைப் பார்க்கணும். சில நிமிஷம் போதும்.

இனி ரத்தப் பரிசோதனை. நிறைய குடும்பம் மாட்டிக்கிற இடம் இது. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ்னா வாதம் இல்லைன்னு நினைச்சுக்கிறாங்க. இந்த நோய் இருக்கிற பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நெகட்டிவாதான் வரும். இன்னொண்ணு ஏ.எஸ்.ஓ. கொஞ்ச நாள் முன்னாடி தொண்டைப் புண் வந்திருந்தாலே அது ஏறும். அதை மட்டும் வெச்சு வாதக் காய்ச்சல்னு முடிவு பண்ணி, மூணு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசின்னு போட ஆரம்பிச்சா, மூட்டு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும். வாதக் காய்ச்சல்ல வீக்கம் ஒரு மூட்டுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவும், சில வாரத்துல அடங்கிடும். இது அதே முழங்கால்லயே உட்கார்ந்திருக்கும்.

உடனே ஓடவேண்டிய நேரமும் உண்டு. மூட்டு சூடா சிவந்து, காய்ச்சலோட பிள்ளை கால் ஊனவே மறுத்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. அது மூட்டுக்குள்ள சீழா இருக்கலாம். ராத்திரி எலும்பு வலி, வெளிறல், எடை குறையுறதுன்னு இருந்தா ரத்தப் புற்றுநோய் இல்லைன்னு உறுதியாகிற வரைக்கும் ஸ்டீராய்டு கூடாது. அந்த நோயையே அது கொஞ்ச நாள் மறைச்சிடும். மத்தபடி எண்ணெய் தேய்ச்சு நீவுறது, சுளுக்கு எடுக்கிறதுலயே மாசங்களைக் கழிக்காதீங்க. ஒரு முழங்கால்ல அழற்சி நீடிச்சா அந்தக் கால் மட்டும் நீளமா வளரும்.

என்னைப் பயமுறுத்துற விஷயம் கண்ணு. இந்தக் குழந்தைகள்ல சிலருக்குக் கண்ணுக்குள்ள அழற்சி வரும். சிவக்காது, வலிக்காது, தெரியவரும்போது பார்வை போயிருக்கலாம். ஸ்லிட் லாம்ப்ல பார்த்தாதான் தெரியும். தேனியில அரவிந்த் கண் மருத்துவமனை 1985-ல இருந்து இருக்கு. மூட்டுக்கு சீட்டு எழுதுற அன்னைக்கே கண்ணுக்கும் எழுதணும். சின்ன வயசு, ஏ.என்.ஏ. பாசிட்டிவ்னா மூணு மாசத்துக்கு ஒருமுறை பார்க்கணும்.

எங்க போறது? முதல்ல க.விலக்குல இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குழந்தைகள் பிரிவு. எலும்பு டாக்டரோட நிறுத்திக்காம, வாதநோய் நிபுணர்கிட்ட அனுப்பச் சொல்லிக் கேளுங்க. மதுரை ராஜாஜி மருத்துவமனையில வாதநோய்ப் பிரிவு இருக்கு, வேலூர் சி.எம்.சி.யில குழந்தைகளுக்கான வாதநோய் சிகிச்சையே உண்டு. பிரிட்டன்ல அறிகுறி ஆரம்பிச்ச 10 வாரத்துக்குள்ள நிபுணர் பார்த்திடணும்னு விதி வெச்சிருக்காங்க. நம்ம பள்ளிகளுக்கு 2013-ல தொடங்கின ஆர்.பி.எஸ்.கே. திட்டத்து டாக்டர்கள் வண்டியில வர்றாங்க. அவங்க தேடுற குறைபாடுகள்ல வாத இதயநோய் உண்டு, சிறார் மூட்டுவாதம் கிடையாது. மூணு கேள்வி சேர்க்கிறதுல என்ன கஷ்டம்னு எனக்குப் புரியல.

சிகிச்சை இருக்கு, நல்லாவே வேலை செய்யுது. மூட்டுக்குள்ள ஊசி, மெத்தோட்ரெக்சேட், தேவைப்பட்டா அடலிமுமாப் மாதிரி பயாலஜிக் மருந்துகள். ஒண்ணு மட்டும் கவனம்: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் கொடுத்தா உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமைன்னு சீட்டுல எழுதி வாங்கி, காலண்டர்ல வட்டம் போட்டு, மருந்து கொடுக்கப்போற அம்மாச்சிகிட்ட காட்டிடுங்க.