கீழவாஞ்சூரை டிவி செய்திக் காப்பகத்தில் தேடுவது

பழைய டிவி செய்திப் படங்களை வைத்திருக்கும் இணையக் காப்பகம் எதற்குள் போனாலும், முதலில் இருப்பது ஒரு தேடல் பெட்டி. கூகுள் பழக்கத்தில் நாமும் ஊர்ப் பெயரைத் தட்டிவிடுகிறோம். கீழவாஞ்சூர் என்று தட்டினால் வெறுங்கையோடு திரும்பத்தான் வாய்ப்பு அதிகம். "நம்ம ஊரை எவன் வந்து படம் பிடிச்சான்" என்று பக்கத்தை மூடிவிடுவோம். அவசரப்பட வேண்டாம். அந்தப் பெட்டி தேடுவது, படத்தைப் பற்றி யாரோ ஒருத்தர் எழுதிவைத்த நாலு வரியைத்தான். அவர் ஊர்ப் பெயரை எழுதாமல் விட்டிருந்தால் படம் உள்ளே இருந்தும் நம் கண்ணில் படாது.

ஊரைத் தெரியாதவர்களுக்காக: காரைக்காலின் தென்கோடி, திருமலைராயன்பட்டினம் கொம்யூன். தாண்டினால் நாகூர். நாகூர் தமிழ்நாடு, கீழவாஞ்சூர் புதுச்சேரி. பஸ்ஸில் போகிறவர்களுக்கு எல்லை வந்தது தெரிவதே மதுக்கடை போர்டுகளை வைத்துத்தான். தேடலில் சிக்கல் தொடங்குவதும் இந்த எல்லையில்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். காரைக்கால் பக்கம் நானூறு பேருக்கு மேல். உலகத்தின் கேமராக்கள் நாகப்பட்டினத்துக்கு வந்தன. அங்கிருந்து வடக்கே நாகூர், இன்னும் கொஞ்சம் போனால் வாஞ்சூர். கடற்கரையோடு நடக்கிற கேமராமேனுக்கு எங்கே தமிழ்நாடு முடிந்து எங்கே புதுச்சேரி தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? தெரிந்தாலும் லண்டனில் உட்கார்ந்திருக்கிற எடிட்டருக்கு அது தேவையில்லை. அதனால் தேடும்போது 'நாகப்பட்டினம்', 'தமிழ்நாடு', 'தென்னிந்தியா' என்று மேலே மேலே ஏறிப் போகணும். புதுச்சேரி என்று தேடினால் போதாது. அன்றைக்கு ஆங்கிலத்தில் அது 'பாண்டிச்சேரி'. பெயர் மாறியது 2006இல்.

சொல்லும் முக்கியம். சுனாமி என்ற வார்த்தை நம்மில் பலருக்கு அந்த வாரம்தான் அறிமுகம். முதல் நாள் செய்திகளில் ஆங்கிலத்தில் 'டைடல் வேவ்' என்றும் எழுதினார்கள், தமிழில் 'கடல் கொந்தளிப்பு' என்றும் சொன்னார்கள். 'ஆழிப்பேரலை' பிறகு பரவியது. முதல் இரண்டு நாள் படங்கள் வேண்டுமென்றால் சுனாமி என்று மட்டும் தேடாதீர்கள்.

ஏபி செய்தி நிறுவனத்தின் காப்பகம் இதற்கு நல்ல இடம். 2015இல் அவர்களும் பிரிட்டிஷ் மூவிடோனும் சேர்ந்து 5,50,000க்கும் மேற்பட்ட செய்திப் படங்களை யூடியூபில் ஏற்றினார்கள். ஏபி படங்களின் கீழே பெரும்பாலும் 'ஷாட்லிஸ்ட்' இருக்கும்: இடம், தேதி, பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி. உடைந்த படகு, வைட். அழுகிற பெண், குளோஸ். பேட்டி வந்தால் எந்த மொழி என்றும், பேசுகிறவர் பெயர் கேட்கப்படவில்லை என்றால் 'வாக்ஸ் பாப்' என்றும் போடுவார்கள். எனக்கு இந்த 'வாக்ஸ் பாப்'தான் உறுத்துகிறது. அமைச்சர் வந்து போனால் பெயரோடு பதிவாகிறார், தேடினால் உடனே வருவார். பிள்ளையைத் தேடி அலைகிற அம்மா பெயரில்லாமல் பதிவாகிறார். அவரைத் தேடும் பேரனுக்கு எந்தச் சொல்லும் உதவாது. தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு, டிசம்பர் 26 முதல் ஜனவரி முதல் வாரம் வரை இருப்பதை எல்லாம் உட்கார்ந்து பார்ப்பதுதான் வழி.

யூடியூபில் தேதி விஷயத்தில் ஏமாறக் கூடாது. அந்தத் தளம் பிறந்ததே 2005இல். அங்கே கிடைக்கும் சுனாமிப் படம் எதுவானாலும் பிறகு யாரோ ஏற்றியது. ஏற்றிய தேதி வேறு, எடுத்த தேதி வேறு.

இன்டர்நெட் ஆர்க்கைவின் டிவி செய்திப் பிரிவு இன்னொரு வகை. 2012இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பெரும்பாலும் அமெரிக்கச் சேனல்கள், 2009 முதல். சுனாமிக்கு அது உதவாது, பின்னால் வந்த புயல்களுக்கு உதவலாம். அங்கே தேடல் நடப்பது காது கேளாதோருக்காக ஓடும் எழுத்தில். நேரலையில் காதில் விழுந்ததை வேகமாகத் தட்டுகிறவர்கள் அவர்கள். காரைக்கால் எப்படி வேண்டுமானாலும் விழும். புயல் பெயரைப் போட்டுத் தேடுவது மேல்: கஜா, நிவர். 2020இல் நிவர் காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கரை கடக்கும் என்று வானிலைத் துறை சொன்னது. வெளியுலகச் செய்தியில் நம்ம ஊர் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, ஒரு கோட்டின் ஒரு முனையாக.

1954க்கு முந்தைய பிரெஞ்சு காலம் வேண்டுமென்றால் பிரான்ஸின் இனா காப்பகம். அங்கே ஊர்ப் பெயர் 'காரிகால்', பிரெஞ்சு எழுத்தில்.

தமிழ்ச் சேனல்கள்தான் பெரிய ஓட்டை. காரைக்காலை நெருக்கமாகப் படம் பிடித்தவர்கள் அவர்கள். ஆனால் 2004இன் டேப்புகளை நாம் உட்கார்ந்து தேடுகிற மாதிரி பொதுக் காப்பகம் எதையும் அவர்கள் திறந்து வைக்கவில்லை. பிந்தைய செய்திகள் யூடியூபில் உண்டு. அங்கே தேட நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தலைப்பு மட்டும், அதுவும் "அதிர்ச்சி", "பரபரப்பு" வகை. ஊர்ப் பெயரை விட்டுவிட்டு 'துறைமுகம்', 'நிலக்கரி' என்று காரைக்காலோடு சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

துறைமுகம் இன்னொரு வகையிலும் கைகொடுக்கும். கீழவாஞ்சூர் கடற்கரையில் அது இயங்கத் தொடங்கியது 2009இல். தேதி இல்லாத படத்தில் கிரேனும் நிலக்கரிக் குவியலும் தெரிந்தால் அதற்குப் பிந்தையது. வெறும் மணலும் கட்டுமரமும், தூரத்தில் நாகூர் தர்கா மினாரும் என்றால் நிறுத்தி, நிமிடம் விநாடியைக் குறித்துக்கொண்டு, ஊரில் வயதான யாரிடமாவது போனைக் காட்டுங்கள். மேட்டையும் தோப்பையும் வைத்து இடத்தைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொன்னதை அந்த வீடியோவின் கீழேயே ஊர்ப் பெயரோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் போடுங்கள். 'வாஞ்சூர்' என்று ஒரு தடவை, 'வாஞ்சோர்' என்று ஒரு தடவை.