கணினிக்குக் கம்பியில்லா இணைப்பு: வாங்குமுன் அறிய வேண்டியவை

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு, விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டதை வாசகர்கள் அறிவர். அதற்குப் பின்வந்த விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றில் முறைப்படி ஏறாது. ஆதலின் கிராமப் படிப்பகங்களிலும் பள்ளிகளிலும், இன்னும் சில ஆண்டுகள் நன்றாக உழைக்கக்கூடிய கணினிகள் பயனற்றவை எனக் கருதப்பட்டு மூலையில் ஒதுக்கப்படும் நிலை ஏற்பட்டுள்ளது. இந்நிலையில் லினக்ஸ் என்னும் திறந்த மூல இயங்குதளம் பெரிதும் கைகொடுக்கிறது. அதற்கு விலை கொடுக்க வேண்டுவதில்லை, பழைய கணினியிலும் இலகுவாக ஓடும், தமிழிலும் பயன்படுத்தலாம். டெபியன், உபுண்டு எனப் பல வடிவங்களில் அது கிடைக்கிறது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பதும் லினக்ஸின் ஒரு வடிவமே.

நமது வட்டாரத்தில் பன்னிரண்டு ஊர்ப் படிப்பகங்களின் கணினிகளை இவ்வாறு டெபியனுக்கு மாற்றினோம். மாற்றும் வேலை எளிதாகவே முடிந்தது. இடர் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. இவை மேசைக் கணினிகள். கம்பியில்லாமல் இணையத்தைப் பெறும் உறுப்பு இவற்றினுள் இல்லை. ரவுட்டரோ ஊராட்சி மன்றக் கட்டிடத்தில் இருக்கிறது; படிப்பகம் அடுத்த கட்டிடத்தில். இடையே கம்பி இழுத்த இரண்டு ஊர்களில், வைக்கோல் வண்டி ஒன்றும் குரங்குகளும் அதை அறுத்துவிட்டன. எனவே யு.எஸ்.பி. துளையில் செருகும் கட்டைவிரல் அளவேயான வைஃபை கருவியை, கடைக்காரர்கள் 'டாங்கிள்' என்று கூறுவதை, வாங்கத் தீர்மானித்தோம்.

அரசுப் பணத்தைச் செலவிடுவதாதலின் எச்சரிக்கையாகவே நடந்துகொண்டதாக எண்ணினோம். முதலில் ஒன்றே ஒன்று வாங்கி ஒரு படிப்பகத்தில் செருகிப் பார்த்தோம். செருகிய மறுகணமே வேலை செய்தது. அதே பெயர், அதே மாதிரி எண், அதே நிறப் பெட்டியில் இன்னும் பதினொன்றுக்கு ஒன்றியப் பொது நிதியிலிருந்து தொகை அனுமதித்து வாங்கினோம். அவற்றுள் மூன்று வேலை செய்தன, எட்டு அசையவில்லை. போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்த இளைஞர்கள் பழையபடி நகரத்துக்குப் பேருந்து ஏறினர். லினக்ஸே குறையுடையது, அதை நம்பியது தவறு என்று அலுவலகத்திலேயே பேச்சு எழுந்தது. நாமும் இரண்டொரு நாள் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு வேலை செய்ததையும் செய்யாததையும் அருகருகே கவிழ்த்து வைத்து, அடிப்புறத்தில் இருந்த எறும்பளவு எழுத்துக்களைப் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. ஒன்றில் 'பதிப்பு 1' என்றும், மற்றதில் 'பதிப்பு 2' என்றும் அச்சிட்டிருந்தது. பெயர் ஒன்று, உள்ளிருந்த சிப் வேறு.

இதைச் சற்று விளக்குவோம். டாங்கிளின் மேல் காணும் பெயர் அதை விற்கும் நிறுவனத்தின் பெயர். அலைகளை வாங்கி அனுப்பும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் சிப். அதைப் பெரும்பாலும் வேறு நிறுவனங்கள் செய்து விற்கின்றன: ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் அதெரோஸ் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இந்தச் சிப்பிடம் வேலை வாங்கும் முறையைக் கணினிக்குச் சொல்லித்தருவது டிரைவர் என்னும் நிரல். (நமது ஊராட்சித் தலைவர் ஒருவர் இதைக் கேட்டதும், "அலுவலக ஜீப்புக்கே டிரைவர் இல்லை, இதற்கு ஒரு டிரைவரா?" என்றார்.) விண்டோஸில் டிரைவரைக் கருவி விற்பவரே தருவார். லினக்ஸில் டிரைவர்களிற் பெரும்பாலானவை கெர்னல் எனப்படும் அதன் மையப் பகுதியோடு சேர்ந்தே வருகின்றன. நமது சிப்புக்குரிய டிரைவர் கெர்னலில் இருந்தால் செருகியவுடன் வேலை நடக்கும். இல்லையேல் எவ்வளவு விலையுயர்ந்த டாங்கிளும் வெறும் பிளாஸ்டிக் துண்டே.

பெயர் மாறாமல் சிப் மாறுவது அரிதன்று. டி.பி. லிங்க் நிறுவனத்தின் டி.எல். டபிள்யு.என். 722 என். என்னும் மாதிரி இதற்குப் பலரும் காட்டும் உதாரணம். அதன் முதற் பதிப்பில் அதெரோஸ் ஏ.ஆர். 9271 சிப் இருந்தது. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக் 8188 இ.யு.எஸ். வந்தது. முன்னதை லினக்ஸ் அன்பர்கள் தேடித்தேடி வாங்கினர். பின்னதற்கு அத்தகைய நிறைவான டிரைவர் நெடுங்காலம் கெர்னலில் அமையவில்லை. பழைய பதிப்பைப் பாராட்டிச் சொன்ன ஒருவரின் சொல்லைக் கேட்டுப் புதியதை வாங்கி ஏமாந்தோர் பலர்.

சிப்பின் அடையாளத்தை அறிய வழி உண்டு. லினக்ஸ் ஓடும் எந்தக் கணினியிலும் டாங்கிளைச் செருகி, டெர்மினல் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, எல், எஸ், யு, எஸ், பி என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துக்களை இடைவெளியின்றித் தட்டி என்டர் விசையை அழுத்துக. செருகியுள்ள யு.எஸ்.பி. சாதனங்கள் யாவும் வரிவரியாகத் தோன்றும். ஒவ்வொரு வரியிலும் நடுவே முக்காற்புள்ளி இட்ட எண் ஒன்று இருக்கும். முக்காற்புள்ளிக்கு முன் உள்ள நான்கு குறிகள் நிறுவனத்தையும், பின் உள்ள நான்கும் பொருளையும் காட்டும். பூஜ்யம், பி, டி, ஏ எனத் தொடங்கினால் ரியல்டெக். பூஜ்யம், இ, 8, டி எனத் தொடங்கினால் மீடியாடெக். பூஜ்யம், சி, எஃப், 3 எனத் தொடங்கி 9271 என முடிந்தால் மேற்சொன்ன அதெரோஸ் சிப். விற்கும் நிறுவனம் தன் சொந்த எண்ணை இட்டிருப்பதும் உண்டு. எப்படியாயினும் அந்த எட்டுக் குறிகளையும் இணையத் தேடலில் இட்டால் சிப்பின் பெயர் பெரும்பாலும் கிடைத்துவிடும். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

ஒரு விந்தையையும் இங்கே குறிப்பிட வேண்டும். சில டாங்கிள்கள் செருகியவுடன் தம்மை வைஃபை கருவி என்று சொல்லாமல், சி.டி. தட்டு என்று சொல்லிக்கொள்கின்றன. விண்டோஸ் டிரைவரை அந்தப் பொய்த் தட்டில் அடக்கிவைத்திருப்பதே காரணம். லினக்ஸில் அவற்றை உண்மை உருவுக்கு மாற்ற யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்னும் நிரல் உதவும். அந்தத் தொல்லை வேண்டாம் என்போர் அத்தகைய டாங்கிளைத் தவிர்ப்பதே மேல்.

இனி, எந்தச் சிப்பை நாடலாம்? சிக்கனம் வேண்டுவோருக்கு ஏ.ஆர். 9271 இன்றும் ஏற்றது. அதன் டிரைவர் 2010-ம் ஆண்டு முதலே கெர்னலில் உள்ளது. சிப்பினுள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்னும் சிறுநிரலின் மூலமும் 2013-ல் வெளியிடப்பட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே உடையது. ஏட்டளவில் 150 மெகாபிட் வேகம், நடைமுறையில் அதிற் பாதிக்கும் குறைவு. ஆயினும் விண்ணப்பம் நிரப்பவும் பாடக் காட்சிகளைப் பார்க்கவும் அது தாராளம். சுவர் கடந்து செல்வதில் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 சிறந்தது என்பதால், அடுத்த கட்டிடத்து ரவுட்டரைப் பிடிக்க வேண்டிய இடத்தில் இது குறையன்று. இரு அலைவரிசையும் அதிக வேகமும் வேண்டுமெனில் மீடியாடெக் எம்.டி. 7612 யு. நல்லது, அதன் டிரைவர் 2018-ல் கெர்னலில் சேர்ந்தது. வைஃபை 6 வகையில் அதே நிறுவனத்தின் எம்.டி. 7921 ஏ.யு. 2022 முதல் ஆதரவு பெற்றுள்ளது.

கடைகளில் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைப்பவை ரியல்டெக் சிப் உடையவை. அவை யாவும் ஆகாதவை என்று ஒரேயடியாகத் தள்ளுவது நியாயமன்று. நிலைமை ஆண்டுக்காண்டு சீர்பட்டு வருகிறது. ஆனால் இங்கே கெர்னலின் பதிப்பைக் கவனிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 8812 ஏ.யு., 8821 ஏ.யு. என்னும் இரு சிப்புகளுக்கான டிரைவர் 2025-ல் வெளியான கெர்னல்களிலேதான் முறையாக இடம்பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் உள்ளதோ அதற்கு முந்திய 6.12 கெர்னல், 2023-ல் வந்த டெபியன் 12-ல் 6.1. இயங்குதளம் புதியது என்பதால் அதனுள் இருக்கும் கெர்னலும் கடைசிப் பதிப்பு என்று கொள்ளலாகாது. யு, என், ஏ, எம், இ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் ஆர் எழுத்தும் இட்டால் நமது கணினியின் கெர்னல் எண் தெரியும்.

ஃபர்ம்வேரைப் பற்றியும் ஒரு சொல். டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் இல்லாததால் கருவி இயங்காமற் போவதுண்டு. 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்துச் செய்த முடிவின்படி, டெபியன் 12 முதல் கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்களும் நிறுவும் பிரதியிலேயே தரப்படுகின்றன. ஆதலின் இயங்குதளத்தை நிறுவும்போதே டாங்கிளைச் செருகிவைத்தால் வேண்டியதை அது தானே எடுத்துக்கொள்ளும்.

கெர்னலில் இல்லாத டிரைவரை இணையத்திலிருந்து மூலமாகப் பெற்று, நமது கணினியிலேயே தொகுத்து ஏற்றிக்கொள்ளலாம் என்று அறிந்தோர் கூறுவர். உண்மைதான், நாமும் இரு படிப்பகங்களில் ஓர் இளைஞரின் துணையோடு அவ்வாறு செய்தோம். ஆறு வாரம் ஓடிற்று. பிறகு பாதுகாப்புத் திருத்தத்தோடு புதிய கெர்னல் வந்து இறங்க, டிரைவர் அதனோடு ஒட்டாமல் இணைப்பு அறுந்தது. கெர்னல் மாறும்போதெல்லாம் மீளத் தொகுக்கும் ஏற்பாடு உண்டெனினும், அதுவும் சில வேளைகளில் தவறும். தவறினால் சீர்செய்ய இணையம் வேண்டும். இணையத்தைத் தர வேண்டிய கருவியோ படுத்துக் கிடக்கும். வீட்டில் தனக்கென ஒரு கணினி வைத்திருப்பவர் இதைச் சமாளிப்பார். பன்னிரண்டு ஊர்களுக்கு இது பொருந்தாது.

அத்தகைய நெருக்கடியில் உதவும் வழி ஒன்றைப் படிப்பகப் பொறுப்பாளர்கள் அறிந்திருத்தல் நலம். ஆண்ட்ராய்டு போனை அதன் சார்ஜர் கம்பியால் கணினியோடு இணைத்து, போனின் அமைப்பில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால், போனின் இணையம் கணினிக்குக் கிடைக்கும். லினக்ஸில் இதற்குத் தனி டிரைவர் ஏற்ற வேண்டுவதில்லை. கம்பி தரவு செல்லும் கம்பியாக இருக்க வேண்டும். மின்னேற்றத்துக்கு மட்டும் பயன்படும் மலிவுக் கம்பிகள் இதற்கு உதவா.

இப்போது கடைக்குச் செல்லும்போது லினக்ஸ் பதிந்த பென் டிரைவ் ஒன்றையும் பழைய மடிக்கணினி ஒன்றையும் எடுத்துச் செல்கிறோம். பென் டிரைவிலிருந்தே இயங்குதளத்தை எழுப்பலாம். கணினியில் நிறுவ வேண்டுவதில்லை. படிப்பகங்களில் உள்ள அதே பதிப்பே பென் டிரைவிலும் இருக்க வேண்டும். இல்லையேல் சோதனை பொய்யாகும். வாங்கும் டாங்கிள் ஒவ்வொன்றையும் செருகி, எண்ணைப் பார்த்து, அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் தோன்றுகின்றனவா என்று கண்ட பிறகே பணம் கொடுக்கிறோம். முதலில் கடைக்காரர் முகம் சுளித்தார். இப்போது அவரே எண்களைக் குறித்து வைத்துக்கொள்கிறார்.

விலைப்புள்ளி கோரும் கடிதத்தின் வாசகத்தையும் மாற்றினோம். முன்பு 'லினக்ஸுக்கு ஏற்ற வைஃபை டாங்கிள்' என்று எழுதினோம். பெட்டியில் லினக்ஸ் என்று அச்சிட்டிருந்தாலே போதும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அப்படி அச்சிட்டது ஏதோ பத்தாண்டுக்கு முந்திய கெர்னலைக் குறிப்பதாகவும் இருக்கலாம். இப்போது சிப்பின் பெயரைக் குறிப்பிட்டு, 'டெபியன் 12-ல் கூடுதல் டிரைவர் எதுவும் ஏற்றாமல் இயங்க வேண்டும். இயங்காதவற்றை முப்பது நாட்களுக்குள் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதுகிறோம்.

டாங்கிளைச் செருகும் இடமும் கவனத்துக்குரியது. கணினிப் பெட்டியின் பின்புறம் இரும்புத் தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் செருகினால் அலை தடைப்படும். யு.எஸ்.பி. 3 துளையில் எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுப்பதும் உண்டு. ஒரு முழ நீள நீட்டிப்புக் கம்பியில் மாட்டி ஜன்னல் ஓரம் வைத்ததில், ஒரு படிப்பகத்தில் அடிக்கடி அறுந்த இணைப்பு நிலைபெற்றது.

வேலை செய்யாத எட்டில் ஐந்தைக் கடைக்காரர் மாற்றிக்கொடுத்தார். உறை கிழிந்துவிட்ட மூன்றை ஏற்க மறுத்தார். அவற்றை நமது அலுவலகத்தில் விண்டோஸ் 11 ஓடும் மூன்று கணினிகளில் செருகியிருக்கிறோம். அங்கே அவை குறையின்றி இயங்குகின்றன. அந்த மூன்று படிப்பகங்களுக்கும் ஏ.ஆர். 9271 சிப் உள்ளவை சென்ற மாதம் வாங்கி அனுப்பப்பட்டன.