அரைப்பேர் அகப்பை

எங்கள் வீட்டு அடுக்களையிலே காம்பு ஒடிந்த அகப்பை ஒன்று இருந்தது. அதன் பெயர் 'அரைப்பேர்'.

தோட்டத்து வாழ்வை அறியாதார்க்கு இப்பெயரின் சுவை எளிதில் விளங்காது. தோட்டங்களிலே ஒரு நாள் வேலைக்குரிய கூலிக் கணக்கைப் 'பேர்' என்பர். விடியலில் பிரட்டுக் களத்தில் ஆட்கணக்கு எடுப்பார்கள். வேலை முடிந்ததும் செக்றோலில் பேர் விழும். குறித்த அளவு நிறைவேறாவிடின் விழுவது அரைப்பேர். அந்தச் சிறு குறியினால் அடுப்பில் அரிசியும் பாதியாகும். வீடெல்லாம் அஞ்சிய அச்சொல்லை எடுத்துக் காம்பொடிந்த அகப்பைக்குச் சூட்டினார் எங்கள் அப்பாயி. அதன் பின்னர், முற்றத்தைப் பாதி பெருக்கிவிட்டு ஓடிய சிறுவனும் அரைப்பேர். வாரறுந்த செருப்பும் அரைப்பேர்.

கொழும்பு–கண்டி நெடுஞ்சாலையில் உள்ள வரக்காப்பொலையைச் சூழ்ந்த குன்றுகளில் றப்பர் மரங்கள் மிகுதி. 1876ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள், அயல் மாவட்டமான கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பெற்றன. அவ்வழி வந்த மரமே கேகாலை மாவட்டத்து மக்களுக்கும் சோறிட்டது. சிங்களத்தில் 'வரக்கா' என்பது சுளை இறுகிய பலாவைக் குறிக்கும். எங்கள் தாத்தாவோ பலாவை விட்டுவிட்டு, பாலில்லாத வரக்காப்பியை அப்பெயரில் கண்டுபிடித்தார். "சுத்திலும் பால் மரம்; குடிக்கிறது வரக்காப்பி. ஊருக்குச் சரியாத்தான் பேர் வச்சிருக்கான்" என்பார். வீட்டுக்கு வரும் விருந்தினர் ஒவ்வொருவரும் இதனைக் கேட்டே தீரவேண்டும். நாங்கள் நூறாவது முறையும் சிரித்தோம். பழைய நகைச்சுவையின் இயல்பு அது. புதுமையால் அன்று, வரப்போவது தெரிந்திருப்பதனாலேயே இனிக்கிறது.

றப்பர்த் தோட்டத்துக்கு மழை பகை. பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாது. வெட்டினாலும் பால் நீரோடு வழிந்துபோகும். வேலையில்லாத அத்தகைய நாட்களில்தான் எங்கள் லயத்துக் கூரை தாராளமாக ஒழுகும். மரத்தில் பால் ஏந்தும் சிரட்டைகளையே ஒழுகும் இடந்தோறும் அடுக்கி வைத்து, "இன்னைக்கு வீட்டுக்குள்ளேதான் வெட்டு" என்று அறிவிப்பார் அப்பா. நடுப்பகலில் வாளியோடு வந்து ஒவ்வொரு சிரட்டையாக ஊற்றி எடுப்பார். வாசலோரச் சிரட்டை முதலில் நிறையும். "இது நல்ல மரம்" என்று சுவரைத் தட்டிக் கொடுப்பார்.

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் வழிப் பிறக்கும் என்றார். அரைப்பேர் இவற்றுள் எது? எள்ளல்தான், ஆயின் எள்ளப்பட்டது அகப்பை அன்று. களத்திலே கணக்கப்பிள்ளைக்கு எதிராக வாய்திறக்க முடியாத ஒருவர், அடுக்களையிலே தாமே கணக்கப்பிள்ளையாகிப் பேர் போட்டார். இதனைப் புரட்சி என்று பெரிதாகப் பேசவேண்டியதில்லை. கூலி ஒரு சதமும் கூடவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு நடுங்குவது மட்டும் எங்கள் வீட்டில் நின்றுபோயிற்று.

இத்தாலிய எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்பர்க், ஒரு வீட்டாருக்குள் வழங்கும் சொற்களைக் கொண்டே தம் குடும்ப வரலாற்றை ஒரு நூலாக்கினார். 1963இல் வெளிவந்த அந்நூலைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு அரைப்பேர்தான் நினைவுக்கு வந்தது. பாசிசத்தின் காலத்தில் சிதறிய குடும்பம் அது. எங்களைச் சிதறடித்தது ஓர் ஒப்பந்தம்.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்டபடி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரிக்கப்பட்டனர். செக்றோலைவிடப் பெரிய கணக்கு. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இந்நாடு, சிற்றப்பாவுக்கு அந்நாடு. அப்பாயி இளைய மகனோடு புறப்பட்டார். தலைமன்னாருக்குச் செல்லும் வண்டிக்காகப் பொல்காவலைச் சந்தியில் நின்றோம். கண்டிக்கும் வடக்கிற்கும் இருப்புப்பாதை பிரிவது அவ்விடத்திலேதான். அப்பாயி எங்களை ஒருமுறை எண்ணினார். சிற்றப்பாவின் பிள்ளைகளையும் எண்ணினார். "இங்கே அரைப்பேர், அங்கே அரைப்பேர்" என்றார். அவர் சொல்லி யாரும் சிரிக்காத ஒரே நகைச்சுவை அது. வண்டி நகர்ந்த பின் அப்பாதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அகப்பை எங்களிடமே தங்கிற்று. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து வந்த கடிதங்களில், எல்லாருடைய சுகமும் விசாரித்த பின், "அரைப்பேர் சுகமா?" என்று ஒரு வரி தவறாது இருக்கும். "இன்னும் வேலைக்குப் போகிறது" என்று எழுதுவோம். அப்பாயி காலமான பின் அவ்வரியைச் சிற்றப்பா எழுதினார். அகப்பை எப்போதோ கறையானுக்கு இரையாயிற்று. அச்செய்தியை மட்டும் நாங்கள் எழுதவில்லை.

அண்மையில் சிற்றப்பாவின் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில் பேசினாள். கல்லூரி மாணவி, இலங்கையைக் கண்டதில்லை. பேச்சினிடையே, "பெரியப்பா, சீக்கிரம் சொல்லுங்க, சார்ஜ் அரைப்பேர்தான் இருக்கு" என்றாள். அந்தச் சொல்லுக்குப் பொருள் என்னவென்று கேட்டேன்.

"பாதின்னு அர்த்தம். எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஏன், உங்க வீட்டுலயும் சொல்வீங்களா?"