பெட்டியைச் செய்தவர் யார்?

கரூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கடை கேமராக்களின் டி.வி.ஆர். என்ற பதிவுப் பெட்டி பழுதில்லாமல் பதிவு செய்கிறது. செல்போனில் பார்க்கும் ஆப் மட்டும் வேலை செய்யவில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் பிராண்ட் இப்போது சந்தையிலேயே இல்லை. மாட்டிக்கொடுத்தவரும் தொழிலை விட்டுவிட்டார். யாரிடம் போய்க் கேட்பது என்கிறார்.

பெட்டியை உண்மையில் செய்தவரைத்தான் தேட வேண்டும். கடைத்தெருவில் பிராண்டுகள் எத்தனையோ இருந்தாலும், செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஹிக்விஷன், தாஹுவா, யூனிவியூ, ஷியோங்மாய் ஆகிய நான்கும் சீனாவின் ஹாங்ஜோ என்ற ஒரே நகரத்தைச் சேர்ந்தவை. இவர்களிடம் மொத்தமாக வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி, திரையில் தன் லோகோவைப் போட்டு விற்பது ஊரறிந்த வியாபாரம். அதில் தப்பில்லை.

அடையாளம் காண முதலில் நெட்வொர்க் மெனுவைத் திறந்து போர்ட் எண்ணைப் பாருங்கள். வேறு யாரும் மாற்றாமல் இருந்தால் தாஹுவா பெட்டியில் 37777 இருக்கும், ஹிக்விஷனில் 8000, ஷியோங்மாயில் 34567. அதே மெனுவில் உள்ள மேக் முகவரியின் முதல் ஆறு இலக்கங்கள், ஐ.இ.இ.இ. அமைப்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒதுக்கித் தருபவை. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது; சில நேரம் வேறு நிறுவனத்தின் பெயரைக் காட்டிவிடும். மாட்டியவர் எந்த ஆப்பை ஏற்றச் சொன்னார் என்பதும் துப்புதான். எக்ஸ்எம்ஐ என்றால் ஷியோங்மாய்.

எனக்கு மிகவும் பிடித்த துப்பு ஷியோங்மாய் பெட்டிகளில்தான் இருக்கிறது. பிரவுசரில் பெட்டியின் ஐ.பி. முகவரியை அடித்து, ஒரு சாய்கோடு போட்டு, இ, ஆர், ஆர், புள்ளி, எச், டி, எம் என்று சேர்த்துப் பாருங்கள். இது பிழை நேரும்போது காட்டுவதற்கான பக்கம். விற்பவர்கள் முகப்பை அலங்கரிப்பார்கள். யாரும் பார்க்காத இந்தப் பக்கத்தில் கை வைப்பதில்லை; செய்தவர் பெயர் அங்கே அப்படியே இருக்கும். எங்கள் வீட்டுப் பரணில் கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் குடங்கள் உண்டு. கழுத்தில் கொடுத்தவர் பெயர் பளிச்சென்று இருக்கும். கவிழ்த்தால், அவருக்கு முன்னால் கொடுத்தவர் பெயர் அடியில் வெட்டியிருக்கும். அந்தக் குடங்களின் அடிப்பாகம்தான் இந்தப் பக்கம்.

ஷியோங்மாய் பெட்டிகளுக்குள் இன்னொன்றும் இருந்தது. 2018இல் ஆஸ்திரியாவின் செக் கன்சல்ட் நிறுவனம் இந்தப் பெட்டிகளை ஆராய்ந்து, 100க்கும் மேற்பட்ட பிராண்டுகளின் பட்டியலை வெளியிட்டது. எல்லாம் ஷியோங்மாய் செய்தவை. 'அட்மின்' என்ற பெயருக்குப் பாஸ்வேர்டு வெறுமையாக இருந்தது. போதாதென்று, கையேட்டில் எங்கும் சொல்லாத 'டீஃபால்ட்' என்ற பயனர் ஒருவரும் உள்ளே இருந்தார். அவருடைய பாஸ்வேர்டு, அதே ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுதியது! வாங்கியவர் தன் பாஸ்வேர்டை எவ்வளவு கடினமாக வைத்தாலும் இந்தப் பின்வாசல் திறந்தே இருந்தது.

இது ஒரு கடையின் கவலையோடு முடிவதில்லை. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் டைன் என்ற இணைய முகவரிச் சேவை நிறுவனத்தை மிராய் என்ற நச்சுநிரல் தாக்கியது; ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கு எட்டாமல் போயின. தாக்குதலுக்கு ஏவப்பட்ட படையில் டி.வி.ஆர்.களும் கேமராக்களும் ஏராளம். ஷியோங்மாய் பாகங்கள் கொண்டவை அவற்றில் முக்கியமானவை. அவற்றின் பாஸ்வேர்டு பயனர் மாற்ற முடியாதபடி உள்ளேயே பதிந்திருந்தது. அமெரிக்காவில் விற்ற சில பொருட்களைத் திரும்பப் பெறுவதாக ஷியோங்மாய் அறிவித்தது. ஆனால் வேறு பெயர் ஒட்டிய பெட்டியை வைத்திருப்பவருக்கு அந்த அறிவிப்பு தனக்கானது என்று எப்படித் தெரியும்? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். லோகோவை ஒட்டத் தெரிந்தவர்கள், செய்தவர் பெயரை ஒரு மூலையில் அச்சிட்டால் என்ன? மிட்டாய்ப் பொட்டலத்தில்கூடத் தயாரித்தவர் முகவரி இருக்க வேண்டும் என்கிறோம். வீட்டு வாசலையும் கல்லாப்பெட்டியையும் பார்த்துக்கொண்டிருக்கும் கருவிக்கு அது வேண்டாமா? 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். நல்ல வேலை. ஏற்கெனவே சுவரில் இருப்பவற்றின் பொறுப்பு நம்முடையதுதான்.

கரூர் வாசகருக்கு: பெட்டி யாருடையது என்று தெரிந்ததும், அந்த நிறுவனத்தின் ஏதாவதொரு அப்டேட்டை எடுத்து ஏற்றிவிடாதீர்கள். உள்ளிருக்கும் போர்டு வேறானால் பெட்டி மறுபடி எழாது. சிஸ்டம் தகவல் பக்கத்தில் வரும் நீண்ட பதிப்பு எண்ணைப் புள்ளி விடாமல் எழுதிக்கொண்டு, அதைச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன், ரவுட்டரில் டி.வி.ஆர்.க்கென்று திறந்துவிட்ட போர்ட் இருந்தால் இன்றே மூடிவிடுங்கள். பதிவு எப்போதும்போல் நடக்கும்.