தீப்பெட்டி ரயிலும் பாதிக் கதையும்

அரைப் பரீட்சை லீவுக்கு மதுரையிலிருந்து என் பேத்தி வந்திருந்தாள். நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்கள் இல்லை. ஆனால் எதிர் வீட்டு வாசலில் காகித நட்சத்திரமும், அந்த வீட்டுப் பையன் கையில் புது பொம்மையும் பார்த்தவள், "எனக்கும் ரயில் வேணும் ஆச்சி" என்று ஒரே பிடிவாதம். கடையில் விலை கேட்டதும் தலை சுற்றியது. "இரு, நாமளே செய்வோம்" என்று காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்தேன்.

தீப்பெட்டி ஒட்டிய கை, சும்மாவா! 1980 வாக்கில், எனக்குப் பத்து வயசு. விடியுமுன் வண்டி வந்து எங்களை தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிப் போகும். 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். விரலில் காய்ந்த பசையோடுதான் மத்தியானச் சோறு. சிவகாசி வழக்கில், ஆபத்தான வேலையில் பிள்ளைகளை வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20 ஆயிரம் ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 1996 டிசம்பரில். அதற்குள் எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது, போங்கள்!

பெட்டிகளை நூலில் கோர்த்து, பழைய சட்டைப் பொத்தான்களைச் சக்கரமாக ஒட்டினோம். பக்கவாட்டில் இருந்த மருந்துப் பட்டையை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தேன். பிள்ளைகள் விளையாடுவதில் மருந்து எதற்கு?

பசை காயும்வரை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து கதை கேட்டார்கள். என் மகள் பள்ளியில் படித்து வந்து சொன்ன கதை ஞாபகம் வந்தது. டென்மார்க் நாட்டு ஆண்டர்சன் 1845ல் எழுதிய, தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை. வருஷக் கடைசி ராத்திரி, கொட்டும் பனி. ஒரு குச்சிகூட விற்கவில்லை. வீட்டுக்குப் போனால் அப்பா அடிப்பார். குளிர் தாங்காமல் ஒவ்வொரு குச்சியாக உரசுகிறாள். ஒரு வெளிச்சத்தில் கணப்பு அடுப்பு, அடுத்ததில் விருந்துச் சாப்பாடு, பிறகு கிறிஸ்துமஸ் மரம், கடைசியில் செத்துப்போன பாட்டி...

அதோடு நிறுத்திவிட்டேன். விடிந்தபோது அந்தச் சிறுமியும் விறைத்துக் கிடந்தாள் என்பதுதான் முடிவு. 2021 பிப்ரவரி 12ந் தேதி எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் போனார்களே, அதில் அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை ஒன்று என் முன்னால் உட்கார்ந்திருந்தது. எனக்கு நாக்கு எழவில்லை.

"பாட்டி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

"எங்கே ஆச்சி?" என்றாள் பேத்தி.

"வீட்டுக்குத்தான்" என்று பட்டென்று பதில் சொன்னது அந்தப் பிள்ளை. எஞ்சினை அவளுக்கே கொடுத்துவிட்டேன். பேத்தி ராத்திரி வரை என்னோடு பேசவில்லை!

சகோதரிகளே, நீங்களாக இருந்தால் முழுக் கதையையும் சொல்லியிருப்பீர்களா?

- ஒரு வாசகி, அச்சங்குளம், விருதுநகர் மாவட்டம்.