கண்ணுக்குத் தெரியும் உண்டியல்

பழவேற்காட்டுக்கும் நாணயத்துக்கும் பழைய உறவு உண்டு. 1613இல் அங்கே ஜெல்திரியாக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய டச்சுக்காரர், பின்னர் நாணயமும் அடித்தனர். அக்கோட்டை அழிந்துவிட்டது, காசைச் சேர்த்து வைக்கும் தேவை மட்டும் அழியவில்லை.

அவ்வூர் ஏரியில் 'பாடு' என்னும் வழக்கப்படி, மீனவர் தத்தம் முறை வரும் நாளில் வலையிடுவர். முறையில்லா நாளில் வருவாய் குறையும். வடகிழக்குப் பருவக்காற்று சீறினால் கடலுக்கும் செல்ல இயலாது. அந்நாளில் வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், பின்னர் தாம் பிடித்த மீனை அவர் கூறும் விலைக்கே கொடுக்க நேரும். ஆகவே, வீட்டுச் சேமிப்பு விலை பேசும் உரிமையைக் காக்கும் கவசமாகும்.

மண் உண்டியலில் உள்ள காசு கண்ணுக்குத் தெரியாது. எடுக்க வேண்டுமானால் அதனை உடைக்க வேண்டும். முன்னும் பின்னும் தெளிந்த தகடு பொருத்திய மர உண்டியலில் இவ்விரு குறைகளும் இல்லை. அதனை நீங்களே செய்யலாம்.

12 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில், 15 சென்டிமீட்டர் உயரமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடைய பக்கப் பலகைகள் இரண்டை அறுத்துக்கொள்ளுங்கள். அடிப்பலகைக்கும் மூடிக்கும் நீளம் 12.4, அகலம் 10 சென்டிமீட்டர். பக்கப் பலகைகளின் உட்புறத்தில், இரு ஓரங்களையும் ஒட்டினாற்போல், 4 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் ஆழமும் உடைய காடி, அதாவது நீண்ட பள்ளம், மேலிருந்து கீழ்வரை வெட்டுங்கள். பக்கப் பலகைகளை அடிப்பலகையின்மேல் நிறுத்தித் திருகாணியால் இறுக்கியபின், 3 மில்லிமீட்டர் கனமுள்ள அக்ரிலிக் தகடுகளை மேலிருந்து காடிகளில் இறக்குங்கள். கண்ணாடி வேண்டா, தவறி விழுந்தால் உடையும், கையையும் கிழிக்கும்.

இன்று வழங்கும் பத்து ரூபாய், இருபது ரூபாய் நாணயங்களின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். ஆதலின், மூடியில் 30 மில்லிமீட்டர் நீளமும் 4 மில்லிமீட்டர் அகலமும் உள்ள துளை போதும். மூடியையும் திருகாணியால் பொருத்துங்கள். திறக்க அதுவே வழி. ஏரிக்கரையின் உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். பித்தளைத் திருகாணியே ஏற்றது. மரத்துக்கு வார்னிஷ் பூச மறவாதீர்கள். அக்ரிலிக் தகட்டில் அது படலாகாது.

இவ்வுண்டியலின் சிறப்பு யாது? காசு ஏறுவதையும் இறங்குவதையும் வீட்டார் அனைவரும் காண்பர். ஏறக் கண்டால் ஊக்கம் பிறக்கும். இறங்கக் கண்டால் ஏனென்று கேட்கத் தோன்றும்.

எனினும், உண்டியலில் கிடக்கும் காசு வட்டி ஈட்டாது. நிறைந்ததும் எண்ணி, அஞ்சலகத்தில் சேர்த்துவிடுங்கள். 1882 முதல் இந்நாட்டில் நடந்துவரும் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில், பத்து வயது நிரம்பிய சிறுவரும் தம் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். சேர்க்கும் பழக்கத்தை உண்டியல் கற்பிக்கட்டும். சேர்ந்ததை அஞ்சலகம் வளர்க்கட்டும்.