ஊசிக்கு டிமிக்கி கொடுக்கும் புற்றுநோய்! பக்கத்து 'செல்' காட்டிக் கொடுக்கிறது!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் நடக்கிற பேச்சு இது:

"அப்பா, ராத்திரி நாலு வாட்டி எழுந்து போறீங்களே, டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"போடா! வயசானா அப்படித்தான். இதைப் போய் வெளியே சொல்வாங்களா?"

அந்தக் கூச்சம்தான் சில சமயம் உயிருக்கே உலை வைக்கிறது!

ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே 'புராஸ்டேட்' என்ற சுரப்பி இருக்கிறது. வயதானால் அது வீங்குவது சகஜம். அடிக்கடி எழுந்து போவதற்கு இந்த வீக்கமும் ஒரு காரணம். ஆனால் சிலருக்கு அதில் புற்றுநோயும் வருகிறது. ஆரம்பத்தில் அறிகுறியே இருக்காது.

இதில் இரண்டு ரகம். ஒன்று 'சாது'. வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். இன்னொன்று 'முரடு'. எலும்பு வரை பரவி ஆளையே சாய்க்கும்.

குறி தவறும் ஊசி

ரத்தத்தில் 'பி.எஸ்.ஏ.' அளவு கூடினால் சந்தேகம். வீக்கம், கிருமித் தொற்று இருந்தாலும் இது கூடும். எனவே, தேவைப்பட்டால் 10, 12 இடங்களில் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். முரட்டு நோய் ஊசி படாத மூலையில் இருந்தால்? "ஒன்றுமில்லை" என்று ரிப்போர்ட் வந்துவிடும்!

அக்கம்பக்க சாட்சி

திருடன் ஒளிந்தாலும் பக்கத்து வீட்டுச் சுவரில் கைரேகை இருக்குமே! அதேபோல, நோய்க்கு அருகில் உள்ள, பார்வைக்கு நல்லதாகத் தெரியும் செல்களிலும், காவல் ஜீன்கள் மீது 'மெத்தில்' என்ற ரசாயன முத்திரை விழுந்திருக்கும். முத்திரை விழுந்த ஜீன் வேலை செய்யாது. மைக்ராஸ்கோப்பில் இது தெரியாது. 1994-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் விஞ்ஞானிகள் புராஸ்டேட் புற்றுநோயில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

2013-ல் வெளியான ஆய்வில், "நோய் இல்லை" என்று முதலில் சொல்லப்பட்ட 483 பேரின் பழைய துணுக்குகளில் 3 ஜீன்களைச் சோதித்தார்கள். பிரிட்டன், பெல்ஜியம் நாட்டுக்காரர்கள் இவர்கள். முத்திரை இல்லாதவர்களில் 90 சதவீதம் பேருக்கு மறு ஊசியிலும் நோய் இல்லை. முத்திரையின் அழுத்தத்தை வைத்து, நோய் முரடா என்று கணிக்கும் ஆய்வுகளும் பின்னர் வந்தன.

ஆனால், நோய் இருந்த 100 பேரில் சுமார் 68 பேரைத்தான் இது பிடித்தது. இதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது!

முதல் படி எது?

வயது 50 தாண்டியவர்கள் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரைக் கேட்கலாம். கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைகளில் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவு இருக்கிறது. மூத்திரத்தில் ரத்தம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இன்று ரயிலைப் பிடித்து வீடு போய்ச் சேர்ந்ததும், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்!